நேரில் போய்ச் சொன்ன செய்தி

லோகா,

தினேஷுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. பெண் சிரம்பானில் தெமியாங் பக்கம், தாதியாக வேலை செய்கிறாள். அவன் கைகளுக்குச் சிகிச்சைக்காகப் போய் வந்த நாள்களில் பழக்கமாம். தாலி கட்டு பகாவ் கோவிலில். இதைச் சொல்லத்தான் போன வாரம் உன்னைக் கூப்பிட்டேன். தினேஷ் என்று ஆரம்பித்ததுமே, "லோரி வந்துருச்சும்மா, சாமான் இறக்கணும்" என்று வைத்துவிட்டாய். நீ வேலை செய்யும் ஜொகூர் கிடங்குக்கு லோரி எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் உனக்கு ஒரு லோரி வந்துவிடுகிறது. நல்ல கைப்பேசியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பட்டன் போன் வைத்திருக்கிறாய், வாட்ஸ்அப்பில் எழுதவும் வழியில்லை. பள்ளி விடுமுறை, நான் வேலை பார்க்கும் கேண்டீனும் மூடியிருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்தாலும் காகிதம் அங்கேயே இருக்கும். இன்னொரு நாள் எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு முகாமுக்குள் நடந்தது உனக்குத் தெரியும். இங்கே தோட்டத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விசாரணை, தடுப்புக் காவல், சீருடையைத் திருப்பிக் கொடுத்தது என்று உன் தலைமேல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தபோது இதையும் தூக்கி வைக்க மனம் வரவில்லை. பிறகு நீ ஜொகூருக்குப் போய்விட்டாய். இரண்டு தீபாவளி போய்விட்டன. இனியும் நான் சொல்லாமல் இருந்தால், நீயாகக் கற்பனை செய்து வைத்திருப்பதுதான் உனக்கு உண்மையாகிவிடும். நடந்ததையே நீ தெரிந்துகொள்வது நல்லது.

மாணிக்கம் அண்ணனிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன் கூட்டாளி தினேஷின் அப்பாவாக மட்டும்தான் அவரை உனக்குத் தெரியும். இந்தத் தோட்டத்துக்கு நான் கல்யாணமாகி வந்த புதிதில், ஊர் பெயர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாமல் நின்ற என்னைத் தங்கச்சி என்று முதலில் கூப்பிட்டவர் அவர்தான். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். நெஞ்சில் கோளாறு இருந்தது. பகாவ் கிளினிக்கில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார், பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அதெல்லாம் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். நீ இராணுவத்தில் சேர மனு போட்டபோது தினேஷ் தயங்கினான். அவன் கூச்ச சுபாவம் உனக்குத் தெரியாததா. அண்ணன்தான் அவனை உட்காரவைத்துப் பேசினார். லோகன் போகிறான் என்றால் நீயும் போ, ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொள்வீர்கள் என்றார். உன்னை நம்பித்தான் தன் ஒரே மகனை அனுப்பினார். இதையும் எழுதத்தான் வேண்டும்.

நீங்கள் இருவரும் பயிற்சி முடித்துச் சீருடையில் நின்ற படத்தைப் பார்ப்பதற்காகவே அவர் வாட்ஸ்அப் பழகினார். விடுமுறைக்கு வந்திருந்தபோது, எதைத் தொட்டால் வீடியோ திறக்கும் என்று அவர் விரலைப் பிடித்து நீதான் காட்டிக்கொடுத்தாய். அதன் பிறகு நீ முகாமிலிருந்து என்ன போட்டாலும் முதல் ஆளாகப் பார்த்துவிடுவார். நீயும் ஓயாமல் போடுவாய். சாப்பாட்டுத் தட்டு, துவைத்துக் காயப்போட்ட உடுப்பு, வண்டிமேல் ஏறி நின்று ஒரு கும்பிடு. நாங்கள் எல்லாரும் பெருமையாகப் பார்த்தோம். கேண்டீனில் நான் ஆசிரியைகளுக்கெல்லாம் காட்டுவேன். தினேஷ் மட்டும் எதையும் போடமாட்டான். ஏன்டா உன் படம் ஒன்றும் வரவில்லை என்று அண்ணன் கேட்டதற்கு, முகாமுக்குள் படம் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றான். அண்ணன் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து, "நம்ம லோகன் தைரியசாலிலா, அவன் போடுறான்" என்றார். அப்போது எனக்கும் அது தைரியமாகத்தான் தெரிந்தது.

அன்று சனிக்கிழமை. குலை ஏற்றும் காலை நடையை முடித்துவிட்டு அண்ணன் டிராக்டரைக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்திருந்தார். தோட்டத்துக் குழுவில்தான் முதலில் வந்தது. உங்கள் முகாமுக்கு வெளியே குடியிருக்கும் யாரோ தன் வீட்டு வாசலிலிருந்து எடுத்த படம். மரங்களுக்கு மேலே கறுப்புப் புகை, நடுநடுவே வெடிச்சத்தம். வெடிமருந்துக் கிடங்கு பற்றிக்கொண்டது என்று கீழே எழுதியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு நானும் அப்பாவும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். லெட்சுமி அக்கா மகனுக்காக வாசலிலேயே நின்றிருந்தார். உன் எண்ணுக்குப் போட்டோம், தினேஷ் எண்ணுக்குப் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. முகாம் எண் என்று யாரோ அனுப்பிய எண்ணுக்கு அப்பா விடாமல் முயன்றார். கிடைக்கவேயில்லை.

பதில் வரவேண்டிய இடத்திலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மற்ற எல்லா இடத்திலிருந்தும் வந்துகொண்டே இருந்தது. ஐம்பது பேர் செத்துவிட்டார்கள் என்று ஒருவர். தீவிரவாதிகள் வேலை என்று ஒருவர். வேறு ஏதோ நாட்டில் எப்போதோ எரிந்த கட்டடத்தின் படத்தை ஒருவர். அண்ணன் ஒவ்வொன்றையும் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். அந்த வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊரு இல்ல. மரமே வேற மாதிரி இருக்கு" என்று எங்களுக்குத் தைரியம் சொன்னார். பொய்யைப் பிரித்துப் பார்க்கும் அளவுக்கு அவர் நிதானமாகத்தான் இருந்தார் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். வந்ததையெல்லாம் நம்பிவிடும் மனிதர் இல்லை அவர்.

அதற்குப் பிறகுதான் உன் வீடியோ வந்தது.

அக்கா தேநீர் கலக்க உள்ளே போயிருந்தார். அண்ணன் நாற்காலியில், நான் பக்கத்தில் நின்றபடி, அப்பா எனக்குப் பின்னால். அண்ணன் விரலால் தொட்டார், உன் முகம் வந்தது. கால்வாய்க்குள் குனிந்திருந்தாய். முகமெல்லாம் கரி, தலைக்கவசம் ஒருபக்கம் சரிந்திருந்தது. லோகா, அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். உன்னைப் பெற்றெடுத்த அன்றுகூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தன் மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் உட்கார்ந்திருந்த மனிதர், என் கையைத் தட்டிக்கொடுத்து, "உம் மவன் இருக்கான் தங்கச்சி. நல்லா இருக்கான். அழாத" என்றார்.

அவர் பேசிய கடைசி வார்த்தைகளில் அவையும் சேர்ந்தவை. உன்னைப் பற்றித்தான் பேசினார், உனக்காகச் சந்தோஷப்பட்டுத்தான் பேசினார். இதை நான் உனக்குச் சொல்லாமல் செத்துப்போனால் என் நெஞ்சு வேகாது.

அதற்குள் உன் குரல் தொடங்கிவிட்டது. "நாலாம் நம்பர் ஸ்டோர் மொத்தமா போச்சு. உள்ள இருந்தவங்க யாரும் வெளிய வரல. என் கூட்டாளி தினேஷ் உள்ளதான் இருந்தான். தினேஷ் போயிட்டான்டா. போயிட்டான்." பிறகு நீ அழுதாய். பின்னால் ஏதோ வெடித்தது, படம் ஆடி நின்றுவிட்டது.

 அண்ணன் கைப்பேசியைத் திரை கீழே இருக்கும்படி மேசையில் கவிழ்த்து வைத்தார். அக்கா பார்த்துவிடக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். எழுந்து, எங்கேயோ புறப்படுவதுபோல் செருப்பைத் தேடினார். வேர்க்கிறது என்றார். சட்டைப் பொத்தானைக் கழற்றப் பார்த்தார், விரல் வழுக்கியது. வாசற்படியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். அக்கா தட்டில் தேநீரோடு வந்து, "என்னங்க, ஏன் இங்க உக்காந்துட்டீங்க?" என்றார். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

அப்பா ஓடிப்போய்ப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேனைக் கொண்டுவந்தார். அண்ணனைப் பின்னால் படுக்கவைத்து, தலையை அக்கா மடியில் வைத்துக்கொண்டோம். தோட்டத்து மண் சாலையில் அப்பா எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போனார். வழியெல்லாம் அக்கா அண்ணனோடு பேசிக்கொண்டே வந்தார். பகாவ் கண்ணில் படும் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. டாக்டர் வந்து சொல்லட்டும் என்று அவர் காலைப் பிடித்தபடி இருந்தேன். தினேஷைப் பற்றிய செய்தியை நானும் அப்பாவும் அதுவரை அக்காவிடம் வாய் திறக்கவில்லை. ஆனால் பகாவ் கிளினிக்கில் டாக்டர் வந்து சொல்வதற்குள், வேனைப் பார்த்துவிட்டு வந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி, அக்காவைக் கட்டிக்கொண்டு தினேஷ் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்துவிட்டாள். அவளும் உன் வீடியோவைப் பார்த்திருந்தாள். புருஷன் உள்ளே, மகன் முகாமில். இருவரும் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அக்கா அந்த நடைவழியில் உட்கார்ந்திருந்த நேரம் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. அவர் அழவில்லை. கையிலிருந்த அண்ணனின் செருப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு அக்காவின் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். நான்தான் எடுத்துக் காதில் வைத்தேன். "அம்மா, நாந்தான்" என்றது குரல்.

நாலாம் கிடங்கில் இருந்த தினேஷை, வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வண்டிக் கொட்டகைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெடித்ததும் திரும்பி ஓடியிருக்கிறான், ஒருவரை இழுத்து வெளியே போட்டிருக்கிறான், அதில்தான் இரண்டு கையும் வெந்துவிட்டன. நீ கால்வாய்க்குள் அவனுக்காக அழுதுகொண்டிருந்தபோது, அவன் கட்டடத்தின் மறுபக்கத்தில் உயிரோடு இருந்தான். இது உனக்குத் தெரியும். விசாரணையில் சொல்லியிருப்பார்கள்.

உனக்குத் தெரியாதது, அக்கா அந்தப் போனில் பேசிய விதம். என் கையிலிருந்து வாங்கினார். கண் நல்லா இருக்கா, கால் நல்லா இருக்கா, என்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். செத்தவன் என்று கொஞ்சம் முன்னால் நினைத்த மகனின் குரலைக் கேட்கும் தாய், குரல் உடையாமல் பேசினார். அப்பாகிட்ட குடும்மா என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது. அண்ணன் கிடந்த அறையின் மூடிய கதவை அக்கா பார்த்தார். "அப்பா தூங்குறாருய்யா. மாத்திரை போட்டுட்டுப் படுத்திருக்காரு. நீ பேசாம படு, நாளைக்குப் பேசலாம்" என்றார். போனை என்னிடம் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

அழுது முடித்ததும் எழுந்து நின்று, அங்கே கூடியிருந்தவர்களிடம் சொன்னார். "எம் மவன் கட்டுப்போட்டுக் கிடக்கான். அவன் பக்கத்துல யாராச்சும் உக்காந்து சொல்ற வரைக்கும், அவங்கப்பா போன சேதிய யாரும் போன்ல போடக்கூடாது. கையெடுத்துக் கும்புடுறேன்."

லோகா, நம் தோட்டத்து ஆள்களை உனக்குத் தெரியும். கோழி முட்டை போட்டாலும் குழுவில் போடுகிறவர்கள். கண்ணீர் அஞ்சலி என்று அண்ணன் படத்தை வைத்துப் பையன்கள் சிலர் அதற்குள் செய்தும் விட்டார்கள். எல்லாவற்றையும் அழித்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் உறவுக்குச் சொல்ல வேண்டும் என்றவர்களும் அடங்கினார்கள். பறைகூட அடிக்கவில்லை, யாராவது அதைப் படம் எடுத்துப் போட்டுவிடுவார்களோ என்று பயந்தார்கள். அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். சாவு வீட்டைச் சுற்றி அத்தனை ஜனம், ஒரு போனும் வெளியே வரவில்லை. ஒரு பிள்ளைக்காக ஒரு தோட்டமே வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

யார் போய்ச் சொல்வது என்று பேச்சு வந்தது. அக்காவின் தம்பி நான் போகிறேன் என்றார். அக்கா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ போ. அவன் நீ ஊட்டி வளந்தவன். நீ சொன்னாத்தான் தாங்குவான்." நான் எப்படி அக்கா போவேன், என் மகன் அல்லவா, என்றேன். "அதுக்குத்தான் நீ போகணும்" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. வேனில் போகும்போதுதான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. வேறு யார் போனாலும் உன் பெயரை ஒரு கத்திபோல அவன் கையில் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள்.

அப்பா ஓட்டினார்.  என் அப்பா, உன் தாத்தா, மரம் வெட்டும்போது செத்துப்போன நாள் நினைவுக்கு வந்தது. எனக்கு அப்போது உன் வயதுகூட இல்லை, தோட்டத்தின் வேறு மலையில் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். எங்களை வேலை வாங்கும் மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எப்போதும் திட்டுகிறவர், வாளியைக் கீழே வை என்று மெதுவாகச் சொன்னார். உட்காரச் சொன்னார். தன் புட்டியிலிருந்த தேநீரை மூடியில் ஊற்றி, குடி என்றார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகுதான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. நான் எழுந்திருக்கும்வரை இருந்தார். அவர் என்ன வார்த்தைகளில் சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. பக்கத்தில் ஒரு மனிதன் இருந்தது மட்டும் இன்றும் நினைவிருக்கிறது.

தினேஷ் இருந்த மருத்துவமனைக்குப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அதற்குள் சிப்பாய்களின் கைப்பேசிகளையெல்லாம் வாங்கி வைத்துவிட்டார்களாம், அவனுக்கு எதுவும் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தான். இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளைக் கட்டு. கஞ்சி வைத்திருந்தார்கள், தாதி ஊட்ட வந்தாள். நான் வாங்கி ஊட்டினேன். கிண்ணம் காலியாகும்வரை தோட்டத்துக் கதை ஏதேதோ பேசினேன். வாயைத் துடைத்துவிட்டேன். பிறகு கட்டிலில் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அவன் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு சொன்னேன்.

நெஞ்சுவலி என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். வரும் வழியில் அப்பாவும் அப்படியே சொல்லச் சொன்னார். ஆனால் எப்படி ஆண்ட்டி என்று அவன் கேட்டபோது என்னால் மறைக்க முடியவில்லை. என்றாவது ஒருநாள் யாரோ ஒருவன் அந்த வீடியோவை அவனிடம் காட்டத்தான் போகிறான். அன்றைக்கு அவன் தனியாக இருப்பான். அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரைச் சொன்னேன், நீ என்ன சொன்னாய் என்று சொன்னேன், அண்ணன் என் கையைத் தட்டிக்கொடுத்ததையும் சொன்னேன்.  கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு கேட்டான், "நான் செத்துட்டேன்னு நெனச்சானா ஆண்ட்டி?"

ஆமாம் என்றேன்.

"அழுதானா?"

"அழுதான்யா."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அன்று உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. நானும் மண்டோர் மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அனுமதி வாங்கி அவனைக் கூட்டிவந்தோம். கொள்ளி வைக்கும்போது அவனால் பிடிக்க முடியவில்லை. அப்பா பின்னால் நின்று, கட்டுப்போட்ட அந்தக் கையைத் தன் கைமேல் தாங்கிக்கொண்டு, சேர்ந்து வைத்தார். அன்று சாயங்காலம் தோட்டத்துக் குழுவில் அண்ணனின் படம் வந்தது. எல்லாரும் அதுவரை காத்திருந்தார்கள்.

நீ என்னிடம் ஒரே ஒருமுறைதான் அதைப் பற்றிப் பேசினாய். காவலில் உன்னைப் பார்க்க வந்தபோது. "நான் பொய் சொல்லலம்மா. எனக்குத் தெரிஞ்சதத்தான் சொன்னேன்" என்றாய். நான் அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நீ பொய் சொல்லவில்லைதான். பெருமைக்காகவோ பத்துப் பேர் பார்க்க வேண்டும் என்றோ செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பயத்தில், துக்கத்தில், கையிலிருந்ததைப் பார்த்து அழுதாய். பக்கத்தில் கால்வாயில் கிடந்த சிப்பாயின் தோளைப் பிடித்து அழுதிருந்தால் அது வெறும் அழுகையாக முடிந்திருக்கும். நீ பிடித்திருந்தது கைப்பேசியை. அது உன் அழுகையைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு வீட்டு நடுவில் வைத்துவிட்டது. தினேஷ் பிழைத்தான், அந்தக் கிடங்கிலிருந்து வெளியே வராத இருவரின் வீடுகளுக்கு நீ சொன்னது உண்மையாகவே இருந்தது. அதில் ஒருவரின் மனைவி, அதிகாரிகள் வந்து கதவைத் தட்டும் முன்பே, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அதைப் பார்த்தாளாம். உண்மையாக இருந்தாலும் அப்படி ஒருத்திக்குத் தெரியக் கூடாது, லோகா. சாவுச் செய்தி முதலில் அந்த வீட்டுக்குச் சொந்தம். அதை எடுத்துப்போகிறவன் நடந்து போக வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும்.

நீ அன்றைக்கே அதை அழித்துவிட்டாய். ஆனால் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாரோ சோகப் பாட்டுச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். போன வருஷம் கேண்டீனில் புதிதாக வந்த ஆசிரியை ஒருத்தி, பாவம் பாருங்கள் அக்கா, நண்பனுக்காக எப்படி அழுகிறான் என்று என்னிடமே காட்டினாள். என் மகன் என்று அவளுக்குத் தெரியாது. நான் பார்த்தேன். முழுக்கப் பார்த்துவிட்டு ஆமாம் பாவம் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அண்ணனின் இருதயம் எப்படியும் ஒருநாள் நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சிலர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதலை நான் உனக்குத் தரப்போவதில்லை. நீயும் அதை வாங்கிக்கொள்ளமாட்டாய் என்று நினைக்கிறேன். அதே நேரத்தில், நீதான் கொன்றாய் என்று முகநூலில் முகம் தெரியாதவர்கள் எழுதியதையும் நான் ஏற்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கேதான் நீயும் நானும் அப்பாவும் மிச்ச நாள்களை வாழ வேண்டும். அங்கே நீ மட்டும் தனியாக, ஜொகூரில் ஒரு வாடகை அறையில் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை லெட்சுமி அக்கா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு ஒரு பத்திரிகை. அதன்மேல் இன்னொன்று, உன் பெயர் எழுதி; அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைத் தோழனாக நீதான் நிற்க வேண்டும் என்று தினேஷ் சொல்லிவிட்டானாம். லோகன் வராவிட்டால் அந்த இடத்தில் யாரும் நிற்க வேண்டாம், காலியாக இருக்கட்டும் என்றானாம். நான் அக்கா காலில் விழப்போனேன். அவர் பிடித்துக்கொண்டார். மன்னித்துவிட்டீர்களா அக்கா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, வாயில் வந்துவிட்டது.

அக்கா தாம்பாளத்தை என் கையில் கொடுத்தார். "மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொன்னா அது பொய். ஆனா அவன் வந்தா நான் சோறு போடுவேன்" என்றார்.

இதை அப்படியே உனக்கு எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. இதைவிடப் பெரிதாக எதையும் எதிர்பார்த்துக்கொண்டு நீ வராதே. மண்டபத்தில் எல்லார் முன்னாலும் காலில் விழுந்து அழாதே, அன்றைக்கு அது தினேஷின் கல்யாணம். சிலர் உன்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள். யாராவது ஒருவன் உன்னைப் படம்கூட எடுப்பான். தாங்கிக்கொள். தினேஷ் பக்கத்தில் போய் நில். பந்தியில் உட்கார். அக்கா போடும் சோற்றைச் சாப்பிடு, வேண்டாம் என்று இலையை மூடிவிடாதே.

அப்பாவைப் பற்றி ஒன்று. உனக்கே தெரியும், அவர் இதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னிடமும் பேசுவதில்லை. நான் இதை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார், என்ன என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, கல்யாணத்தன்று காலையில் தான் பகாவ் பஸ் நிலையத்தில் இருப்பதாக எழுதச் சொன்னார். ஜொகூரிலிருந்து எந்தப் பஸ்ஸில் வருவான் என்று தெரியாதே என்றேன். முதல் பஸ்ஸிலிருந்து நிற்கிறேன் என்றார். அவன் வரவில்லை என்றால், என்று கேட்டேன்.

வேன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"கடைசி பஸ் வரைக்கும் நிப்பேன்."

அம்மா